மூணு அங்குலம் மூணு நூல்

பௌலிங் பந்து பெட்டியிலிருந்து வரும்போது அதில் ஓட்டையே இருக்காது. மாலுக்குப் போய் ஒரு தடவையாவது விளையாடியவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். அங்கே அடுக்கில் கிடக்கிற பந்துகளில் எல்லாம் மூன்று ஓட்டை இருக்கும். விரலை விட்டுத் தூக்குவோம், உருட்டுவோம், சாய்ந்த கட்டைகளை எண்ணுவோம், பாப்கார்ன் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். வாளிக்குக் கைப்பிடி மாதிரி பந்துக்கு ஓட்டை, அவ்வளவுதான் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சொந்தப் பந்து வாங்குகிறவர்கள் கதை வேறு. முழு உருண்டையாக வரும் பந்தை ஒரு டிரில்லரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் கையை அளந்து, வீசுகிற விதத்தைப் பார்த்து, பந்தின் மேல் பென்சிலால் கோடுகள் போட்டு, அதற்கப்புறம்தான் மிஷினில் வைப்பார். ஓட்டை எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதே பந்து மெதுவாக வளைந்தும் போகும், கடைசி இருபது அடியில் சடாரென்று உள்ளே திரும்பவும் செய்யும். இந்த இடம் குறிக்கிற வேலைக்கு லேஅவுட் என்று பெயர். இன்றைக்கு அதைப் பற்றித்தான். கிரிக்கெட் பௌலிங் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும் :-)

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்க ஊர் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலை ஏறினால் வரும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதற்குப் பிறகு கல்வராயன்மலையும் ஒரு தாலுகா. சாமை, மரவள்ளி, கடுக்காய் இதெல்லாம்தான் எங்க பக்கம். அங்கே போய் பத்துக் கட்டையை நிறுத்தி வைத்துப் பந்தை உருட்டி விடுகிற விளையாட்டைப் பற்றிச் சொன்னால், "அதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம் மெட்ராஸுக்குப் போகணும்?" என்பார்கள்.

போனது என் மாமா பையன். சென்னையில் ஒரு பௌலிங் சென்டரில் நாலு வருஷமாக வேலை. கட்டை நிறுத்துகிற மிஷினில் ஏதாவது சிக்கிக்கொண்டால் பின்னால் போய் எடுத்துவிடுவது, காலையில் லேனுக்கு எண்ணெய் போடுகிற மிஷினை ஓட்டுவது, ஷூவுக்கு ஸ்ப்ரே அடிப்பது. அத்தை ஊரில் எல்லோரிடமும் "கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு" என்று சொல்லி வைத்திருக்கிறார். ராத்திரி கூட்டம் போனதும் வேலை செய்கிறவர்கள் ஒரு லேனில் விளையாடிக்கொள்ளலாம். மச்சானுக்கு அப்படித்தான் பிடித்தது. தமிழ்நாட்டுக்காரரான ஷபீர் தன்கோட் தேசிய சாம்பியன் பட்டத்தைப் பல முறை ஜெயித்தவர். அவர் பெயரை எடுத்தால் மச்சான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசுவான். நான் அதே சென்னையில் மெக்கானிக்கல் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் ரூமில்தான் சாப்பாடு, அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன வருஷம் அவனுக்கு ஒரு பந்து கிடைத்தது. அங்கே வழக்கமாக வருகிற ஒருவர் வெளிநாட்டுக்கு மாறிப் போகிறார் என்று தன் பந்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். குறைந்த விலை என்றாலும் மச்சானுக்கு அது அரை மாதச் சம்பளம். அந்தப் பந்து அந்த மனிதர் கையில் ஓடியதை அவன் நூறு தடவை பார்த்திருக்கிறான். வலது ஓரத்துக் கால்வாயைத் தொட்டுவிடும் போலப் போய், கட்டைகளுக்குப் பத்துப் பதினைந்து அடி இருக்கும்போது நாய்க்குட்டி கூப்பிட்ட மாதிரி உள்ளே திரும்பும். கட்டைகள் வெடித்துச் சிதறும்.

மச்சான் கையில் அதே பந்து திரும்பவில்லை. சீக்கிரமே உருள ஆரம்பித்து, கொஞ்சம் வளைந்த மாதிரி போக்குக் காட்டிவிட்டு, சோர்ந்துபோய்க் கட்டையில் இடித்தது. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம். விரல் ஓட்டைகளும் அவன் கைக்குப் பொருந்தாமல் மோதிர விரல் கணு வீங்கிவிட்டது. இரண்டரை மாதத்தில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான், பணமும் கட்டியாகிவிட்டது. "என் மணிக்கட்டு சரியில்ல மாப்ள. அவங்கல்லாம் சின்ன வயசுலேர்ந்து ஆடுறாங்க. நமக்கு இது வராது போல" என்றான். நாலு வருஷம் ராத்திரி ராத்திரியாக ஆடியவன் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை, விஷயம் பந்தில் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். அங்கிருந்துதான் நான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதலில் லேன். நாம் நிற்கிற கோட்டிலிருந்து முதல் கட்டை வரைக்கும் 60 அடி. அகலம் 41½ அங்குலம், அதில் 39 பலகைகள். பளபளவென்று இருக்கிறதே, அது பாலீஷ் இல்லை, எண்ணெய். சாதாரணமாக முதல் நாற்பது அடி வரைக்கும் எண்ணெய் இருக்கும், நடுவில் அதிகமாக, ஓரத்தில் குறைவாக. கடைசி இருபது அடி காய்ந்த தரை. வலுவாக வீசினால் பந்து இந்த அறுபது அடியை இரண்டரை நொடியில் கடந்துவிடும். எண்ணெயில் வழுக்கும், காய்ந்த இடத்தில் பிடித்துத் திரும்பும், கடைசியில் உருளும். வலது கைக்காரர்கள் முதல் கட்டைக்கும் மூன்றாவது கட்டைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அடிக்க வேண்டும். நேராக வருகிற பந்தும் அந்தச் சந்தில் விழும், ஆனால் கட்டையில் பட்டு வெளியே ஒதுங்கிவிடும். சுமார் ஆறு டிகிரி சாய்வாக உள்ளே நுழைகிற பந்துதான் ஒதுங்காமல் கடைசி வரைக்கும் உழுதுகொண்டு போகும். அந்த ஆறு டிகிரிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அடுத்தது பந்து. மேலே ஓடு, உள்ளே கோர் என்கிற கனமான கட்டி. விலை கூடின பந்துகளில் இந்தக் கோர் உருண்டையாக இருக்காது. மாம்பழத்துக்குள் கொட்டை மாதிரி ஒரு பக்கம் நீண்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, ஆனால் சுழற்றினால் பந்துக்குத் தெரியும். கோரின் தலை எங்கே இருக்கிறது என்று காட்ட பந்தின் மேல் சின்னதாக ஒரு வேறு நிறப் புள்ளி இருக்கும், அதற்குப் பெயர் பின். வார்ப்பில் கோரைத் தாங்கிப் பிடிக்கிற குச்சி இருந்த இடம் அது. மாலில் இருக்கிற பொதுப் பந்து பிளாஸ்டிக் ஓடு, உள்ளே பேருக்கு ஒரு தட்டையான எடைக்கட்டி. அதைத் தலைகீழாக நின்று வீசினாலும் பெரிதாகத் திரும்பாது. அங்கே போய் "எனக்கு ஸ்பின் வரல" என்று வருத்தப்படுகிற என் வகுப்பு நண்பர்கள் ஆறுதல் அடையலாம்.

இப்போது பம்பரத்துக்கு வருகிறேன். பம்பரம் விட்டவர்களுக்கு ஆணியின் அருமை தெரியும். கடைசல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆணி ஒரு நூல் தள்ளி இறங்கிவிட்டால் பம்பரம் கொடகொடவென்று ஆடிக்கொண்டே கிடக்கும். பெரியவர்கள் ஆணியைப் பிடுங்கிவிட்டு, பழைய துளையில் மூங்கில் சிம்பு வைத்து அடைத்து, மறுபடி நடுவில் பார்த்து இறக்குவார்கள். எங்கே துளைக்கிறாய் என்பதுதான் எப்படிச் சுற்றும் என்பதை முடிவு செய்கிறது. பௌலிங் பந்தும் இதேதானே என்று தோன்றும். பாதி இதே, பாதி இல்லை. அந்த இல்லாத பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

பம்பரத்துக்கு அச்சு எது என்பதை ஆணி சொல்லிவிடுகிறது. யார் சாட்டை சுற்றி விட்டாலும் அதே ஆணிதான், அதே அச்சுதான். பந்துக்கு ஆணி கிடையாது. கையை விட்டு வெளியே வருகிற நொடியில் அது எந்த அச்சில் சுற்றுகிறது என்பதைக் கைதான் தருகிறது. விரல்கள் எங்கே இருக்கின்றன, மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் அது மாறும். வலது கைக்காரருக்கு அந்த அச்சு பந்தின் மேற்பரப்பில் பிடிக்கு வலது பக்கம் ஏதோ ஒரு புள்ளியில் வெளியே வரும். அந்தப் புள்ளிக்குப் பி.ஏ.பி. என்று பெயர். நான் அதை அச்சுப்புள்ளி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஆக, பந்தில் இரண்டு விஷயங்கள். ஒன்று, உள்ளே கோர் எந்தத் திசையில் படுத்திருக்கிறது (அதைப் பின் காட்டும்). இன்னொன்று, உங்கள் கை தருகிற அச்சு எங்கே வருகிறது. ஓட்டைகளை எங்கே போடுகிறோம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை முடிவு செய்கிறது. லேஅவுட் என்பது சாராம்சத்தில் இந்தத் தூரம்தான்.

பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம். அதில் கால் பங்கு ஆறே முக்கால் அங்குலம். பின் சரியாக அச்சுப்புள்ளி மேலேயே இருந்தால், கோர் தன் நீளவாக்கில் சுற்றும். நிலையாக இருக்கும், ஆடாது. பின் ஆறே முக்கால் அங்குலம் தள்ளி இருந்தால் கோர் குறுக்குவாக்கில் சுற்றும். அதுவும் ஆடாது. இரண்டுக்கும் நடுவில், மூன்றே முக்கால் இல்லை, மூன்றேகாலும் இல்லை, மிகச் சரியாகப் பாதியில், 3⅜ அங்குலத்தில் இருந்தால்தான் கோர் 45 டிகிரி சாய்ந்து நின்று, பந்து அதிகபட்சமாக ஆடும். எங்க ஊர் தச்சர் கணக்கில் சொன்னால் மூணு அங்குலம் மூணு நூல்.

ஏன் நடுவில்? எவர்சில்வர் தட்டை விசிறி எறிந்து பாருங்கள் (அம்மா பார்க்காதபோது). சரியாகத் தட்டை வாக்கில் சுழற்றினால் அசையாமல் போகும். கொஞ்சம் கோணலாகச் சுழற்றினால் வளக் வளக்கென்று ஆடிக்கொண்டே போகும். சுழலும் பொருளின் அச்சு அதன் உடம்பிலேயே ஒரு வட்டம் போட ஆரம்பித்துவிடுகிறது, அதுதான் அந்த ஆட்டம். பந்தில் அந்த வட்டம் பின்னைச் சுற்றி விழும். பின் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால் வட்டம் மிகச் சின்னது. பின் 90 டிகிரி தள்ளி இருந்தால் வட்டம் பெரிது, ஆனால் அந்த வட்டத்தில் நகர்கிற வேகமே இல்லை. ஒன்று கூடக் கூட இன்னொன்று குறைகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் உச்சம் வருகிற இடம் 45 டிகிரி. செமஸ்டரில் சைனையும் காஸையும் பெருக்கச் சொன்னபோது இது எதற்கு என்று புலம்பியவர்கள் கவனிக்கவும்.

பந்து ஆடினால் என்ன லாபம்? எண்ணெயில்தான் லாபம். ஆடாத பந்து ஒவ்வொரு சுற்றிலும் தன் உடம்பின் அதே கோட்டைத்தான் தரையில் வைக்கிறது. முதல் சுற்றிலேயே அந்தக் கோட்டில் எண்ணெய் ஏறிவிடும். பிறகு எண்ணெய் பூசிய இடமே திரும்பத் திரும்பத் தரையைத் தொடும், காய்ந்த இடத்துக்குப் போனாலும் பிடிப்பு வராது. ஆடுகிற பந்து ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளி, புதுசாக, காய்ந்த உடம்பைத் தருகிறது. அதனால் பிடிப்பு, அதனால் திருப்பம். வீசிவிட்டுத் திரும்பி வந்த பந்தைப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஆடிய பந்தில் எண்ணெய் வளையங்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும், இரண்டு இடத்தில் மட்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். இதை பிளேர் என்கிறார்கள்.

மச்சானின் பந்தை முதல் தடவை இப்படிப் பார்த்தபோது விரிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எல்லா வளையமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தடித்த ஒரே பட்டை. சைக்கிள் டயர் தடம் மாதிரி. அதைப் பார்த்ததும் அவனை இழுத்துக்கொண்டு ஒரு டிரில்லரிடம் போனேன்.

அந்த அண்ணன் அதிகம் பேசவில்லை. அவர் செய்தது எளிமையான வேலை. வெள்ளை டேப்பில் சின்னத் துண்டு கிழித்து, பந்தின் வலது பக்கம் ஒரு இடத்தில் ஒட்டி, "வீசுப்பா" என்றார். பந்து போகும்போது டேப் சின்ன வட்டமாகச் சுற்றியது. எடுத்து அரை அங்குலம் தள்ளி ஒட்டினார். மறுபடி வீசினான். வட்டம் இன்னும் சின்னதானது. நாலாவது வீச்சில் டேப் பந்தோடு போனது, ஆனால் சுற்றவே இல்லை. ஒரு புள்ளியாக நின்றுகொண்டே பயணம் போனது. அதுதான் மச்சானின் அச்சுப்புள்ளி. பிடியின் நடுவிலிருந்து வலது பக்கம் 3¾ அங்குலம், ஒரு அங்குலம் மேலே. பம்பரத்தின் தலையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தால், நடுவில் வைத்த பொட்டு அசையாது, தள்ளி வைத்த பொட்டு வளையமாகத் தெரியும். இதுவும் அதேதான்.

பழைய சொந்தக்காரரின் கணக்கு அந்த அண்ணனிடமே இருந்தது. அவருக்கு அச்சுப்புள்ளி 5¼ அங்குலத்தில். அந்தப் புள்ளியிலிருந்து பின் கிட்டத்தட்ட மூணு அங்குலம் மூணு நூல் இருக்கிற மாதிரி ஓட்டை போட்டிருந்தார்கள். அதிகபட்ச ஆட்டம். அதே ஓட்டையில் மச்சான் விரலை விட்டு வீசும்போது அவன் அச்சுப்புள்ளி உள்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. பின்னுக்கும் அதற்கும் தூரம் இரண்டு அங்குலம்கூட இல்லை. கோர் ஏறக்குறைய நீளவாக்கில் சுற்றுகிறது. ஆட்டம் போச்சு, திருப்பம் போச்சு.

பந்து மாறவில்லை, பின் மாறவில்லை, ஓட்டை மாறவில்லை. கைதான் மாறியது. லேஅவுட் என்பது பந்தில் எழுதி வைத்திருக்கிற ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் இது புரியாது. அது ஒரு பந்துக்கும் ஒரு கைக்கும் இடையில் இருக்கிற உறவு. சாம்பியன் போட்ட இடத்திலேயே எனக்கும் போடு என்று கேட்பது, சாம்பியனின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது மாதிரி.

மச்சானுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்தது. அவன் அச்சு மற்றவர்களைவிட நிறையச் சாய்ந்திருக்கிறது. அதாவது பந்து கொஞ்சம் பம்பரம் மாதிரி நின்றவாக்கில் சுற்றிக்கொண்டே போகிறது. அண்ணன் சிரித்துக்கொண்டே, "நீ பந்து உருட்டல தம்பி, பம்பரம் விடுற" என்றார். சின்ன வயதில் ஆக்கர் வைத்து எங்க எல்லோர் பம்பரத்தையும் உடைத்தவன் இவன்தான் என்று நான் சொல்லவில்லை. இப்படிச் சுற்றுகிற பந்து எண்ணெயில் அதிக தூரம் வழுக்கும், அதனால் அவனுக்கு ஆட்டமும் வேண்டும், கரடுமுரடான ஓடும் வேண்டும் என்பது அண்ணனின் தீர்ப்பு.

அந்தப் பந்தில் நாலாவதாக ஒரு ஓட்டை இருந்ததைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. அதில் விரல் போகாது. வெறுமனே எடையைக் குறைக்கவும், ஆட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யவும் போட்ட ஓட்டை. முன்பெல்லாம் சகஜம். அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் இதைத் தடை செய்துவிட்டது. இப்போது பந்தில் இருக்கிற ஓட்டை ஒவ்வொன்றும் பிடிப்பதற்கே இருக்க வேண்டும், போட்ட ஓட்டையில் வீசும்போது விரலும் இருக்க வேண்டும். பதிலுக்கு, பந்தின் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட மூன்று அவுன்ஸ் வரைக்கும் கனமாக இருக்கலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள்.

இந்தக் கனக் கணக்குக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது. பழைய டிரில்லர்கள் தராசில் வைத்துத்தான் லேஅவுட் போட்டார்கள். இந்தப் பக்கம் அரை அவுன்ஸ் கூட, அந்தப் பக்கம் குறைவு, அதனால் அந்தப் பக்கம் திரும்பும் என்று. பம்பர யோசனைதான் அது: எடை தள்ளினால் ஆடும். கோர் உருண்டையாக இருந்த காலத்தில் வேறு வழியும் இல்லை. கோரின் வடிவம்தான் முக்கியம், அது அச்சுக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு என்று விடாமல் வாதாடியவர்களில் ஒருவர் மோ பினெல் என்ற அமெரிக்கர். வினோதமான கோர்களாக வடிவமைத்துத் தள்ளியவர். பின்னுக்கும் அச்சுப்புள்ளிக்கும் இடையே உள்ள தூரம், அதோடு இரண்டு கோணங்கள் என்று மூன்றே எண்களில் ஒரு லேஅவுட்டைச் சொல்கிற முறையைப் பரப்பியதும் அவர்தான். 2021-ல் கொரோனாவில் இறந்துபோனார். இன்றைக்கு டிரில்லர்கள் எழுதி வைக்கிற மூன்று எண்ணைப் பார்த்தால் அவர் ஞாபகம் வர வேண்டும்.

தூரம் தவிர மற்ற இரண்டு கோணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பந்து வழுக்கலை விட்டு எவ்வளவு சீக்கிரம் திரும்ப ஆரம்பிக்கிறது என்பதை மாற்றும். இன்னொன்று, திரும்புகிற திருப்பம் சட்டென்று முடிகிறதா, வட்டமாக இழுத்துக்கொண்டு போகிறதா என்பதை மாற்றும். பின் விரல் ஓட்டைகளுக்கு மேலே இருந்தால் பொதுவாகத் தாமதமாக, கூர்மையாகத் திரும்பும், கீழே இருந்தால் முன்னதாக, மெதுவாகத் திரும்பும் என்று ஆட்கள் சொல்வது இதிலிருந்து வருவதுதான்.

மச்சானின் பந்துக்கு மூங்கில் சிம்பு வைத்தியம்தான். பழைய ஓட்டை நாலையும் பிசின் ஊற்றி அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மேலே தேய்த்துச் சமன் செய்தார்கள். அடைத்த பந்து எப்போது வேண்டுமானாலும் அந்த இடத்தில் வெடிக்கலாம், அதற்கு உத்தரவாதம் இல்லை என்று அண்ணன் முன்னாலேயே சொல்லிவிட்டார். பிறகு பின்னிலிருந்து மச்சானின் அச்சுப்புள்ளி நாலு அங்குலம் வருகிற மாதிரி பிடியை நகர்த்தி வரைந்தார். "ஏண்ணே, மூணு அங்குலம் மூணு நூலே போடுங்களேன், முழுசா ஆடட்டும்" என்றான் மச்சான். காசு கொடுத்தவன் முழுசாகத்தானே கேட்பான். முழு ஆட்டம் ஆடுகிற பந்து எண்ணெய் குறைந்த லேனில் பாதி வழியிலேயே தன் தெம்பை எல்லாம் செலவழித்துவிடும், உன்னிடம் இருப்பது ஒரே பந்து, அது எல்லா லேனிலும் ஓட வேண்டும் என்றார் அவர். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு மூன்று பந்து வைத்திருக்கிறவர்களுக்கு உச்சம் தேவைப்படலாம். ஒரே பந்துக்காரனுக்கு நடுநிலைதான் தெம்பு.

மிஷின் சத்தம் போட்டபோது மச்சான் வெளியே போய் நின்றுகொண்டான். காது குத்தும்போது தாய்மாமன் நிற்கிற மாதிரி நான் உள்ளே நின்றேன். மூன்று ஓட்டைக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டைவிரல் ஓட்டையை மட்டும் தேய்த்துத் தேய்த்துப் போட்டுப் பார்த்தார்கள்.

முதல் வீச்சிலேயே வித்தியாசம் தெரிந்தது. பந்து திரும்பி வந்தபோது வளையங்கள் விரிந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஏழு. பழைய சொந்தக்காரர் கையில் ஓடியது போல நாடகமாக உள்ளே பாயவில்லை. ஆனால் நாற்பது அடி தாண்டியதும் முடிவு செய்த மாதிரி திரும்பி, சந்தில் போய் விழுந்தது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. பந்து வருகிற வாயில் போய்க் குனிந்து நின்றுகொண்டான், சீக்கிரம் வரட்டும் என்று.

இதை எல்லாம் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். லேஅவுட் ஒன்றும் மந்திரம் இல்லை. பந்து எவ்வளவு திரும்பும் என்பதில் பெரிய பங்கு ஓட்டின் பரப்புக்குத்தான். அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் நடத்திய பந்து ஓட்ட ஆய்விலும் மேலே வந்தது பரப்பின் சொரசொரப்பும் எண்ணெய் உறிஞ்சுகிற வேகமும்தான், கோரின் எண்கள் அதற்குப் பின்னால்தான். ஆயிரம் நம்பர் தேய்ப்பு அட்டையில் இரண்டு நிமிஷம் தேய்த்தால் வருகிற மாற்றம் சில சமயம் லேஅவுட்டை விடப் பெரியது. 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் ஓடு வந்த பிறகு ஸ்கோர்கள் எகிறியதும் ஓட்டின் வேலைதான். மச்சானுக்கு இப்போது கொஞ்சம் நன்றாக வருகிறது என்றால் அதில் ஓட்டை போட்ட இடத்துக்கு ஒரு பங்கு, தேய்த்த ஓட்டுக்கு ஒரு பங்கு, விரல் வீங்காமல் பயமில்லாமல் விடுகிற கைக்கு ஒரு பெரிய பங்கு. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஆனால் பரப்பை நாளைக்கே மாற்றலாம். வழவழவென்று வேண்டுமா, சொரசொரவென்று வேண்டுமா, அட்டையை மாற்றினால் போதும். ஓட்டையை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் மாற்றக்கூடிய விஷயத்தைவிடச் சின்ன விஷயமாக இருந்தும், இதற்கு முன்னால் நாலு தடவை டேப் ஒட்டிப் பார்க்கிறார்கள்.

போட்டியில் மச்சான் இரண்டாவது சுற்றுக்குப் போகவில்லை. பதினோரு கட்டையில் தவறவிட்டான். தவறவிட்டது எல்லாம் ஓரத்தில் தனியாக நிற்கிற பத்தாம் கட்டையை அடிக்க வேண்டிய இடங்களில். அதற்குத் திரும்பாத பந்துதான் வேண்டும். திரும்பும் பந்தை வைத்துக்கொண்டு அந்த ஒற்றைக் கட்டையை நேராக அடிப்பது தனி வித்தை. அதனால் இப்போது காசு சேர்த்துக்கொண்டிருப்பது அதிகம் திரும்புகிற பந்துக்கு இல்லை, கொஞ்சமும் திரும்பாத பிளாஸ்டிக் பந்துக்கு. அதை எங்கே துளைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, கைக்குப் பொருந்தினால் போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தை கேட்டார், "இருக்குற பந்து திரும்பலன்னு காசு செலவு பண்ணான், இப்ப திரும்பாத பந்து வேணும்ங்கறானே, என்னடா இது?" என்று. நான் டேப் துண்டு, எண்ணெய், மாங்கொட்டை என்று ஆரம்பித்து, பத்தாம் கட்டைக்கு வருவதற்குள் அத்தை சாமை புடைக்கப் போய்விட்டார்.